நோஸ்ஃபெராட்டு பார்த்த மாலை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

'மலரும் நினைவுகள்' என்று பேசச் சொன்னார்கள். அதைப் பேச இங்கே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆஸ்டல் சாம்பாரை ஏற்கெனவே மூன்று பேர் வைது முடித்துவிட்டார்கள். அதனால் செயலாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு பேய்ப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு நம் கல்லூரி மாணவர்களின் திரைப்பட மன்றத்தில், இயற்பியல் காலரியில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து முதன்முதலாகப் பார்த்த படம். 'நோஸ்ஃபெராட்டு'. ஜெர்மானிய ஊமைப்படம். முர்னாவ் இயக்கியது. 1922 மார்ச் 4-ஆம் தேதி பெர்லின் விலங்குக் காட்சிச்சாலை மண்டபத்தில் முதல் காட்சி நடந்தது. ஆக, படத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

நம் தலைமுறைக்கு டிராகுலா என்றால் கிறிஸ்டோபர் லீதான். 1958-இல் வந்த கலர்ப்படம். உயரமான ஆள், நல்ல உடை, கருப்பு மேலங்கி, சிவந்த கண். பார்க்க ஒரு ஜமீன்தார் மாதிரி இருப்பார். அந்த நினைப்போடுதான் போய் உட்கார்ந்தேன். மாணவர்களோ வேறு நினைப்போடு வந்திருந்தார்கள். கைபேசியிலேயே எத்தனையோ பயங்கரங்களைப் பார்த்தவர்கள், நூறு வருஷப் பழைய ஊமைப்படம் என்ன செய்துவிடும் என்று பாப்கார்ன் சகிதம் வந்துவிட்டார்கள்.

முதல் அரைமணி நேரம் ஒரே சிரிப்பு. சும்மா சொல்லக்கூடாது, சிரிக்க இடமும் இருந்தது. கதாநாயகன் ஹூட்டர் வீடு விற்கும் வேலையாகக் கார்பேத்திய மலைக்குப் போகிறான். "இந்த ராத்திரி வெளியே போகாதே, ஓநாய்மனிதன் திரிகிறான்" என்கிறார்கள். திரையில் வந்து நிற்பது ஒரு கழுதைப்புலி! நம் ஊர்ப் பக்கத்துப் பிராணி, அங்கே எப்படிப் போச்சு? பிறகு கோச்சு வண்டி ஒன்று விசை முடுக்கிவிட்ட பொம்மை போல விறுவிறுவென்று ஓடுகிறது. ஒரு பையன், "சார், சார்லி சாப்ளின் வண்டி சார்!" என்றான்.

பழைய படங்களில் மனிதர்கள் பொதுவாகவே வேகமாக ஓடுவதற்குக் காரணம் உண்டு. அன்றைக்குக் காமிராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16, 18 என்று பிடித்த படங்களைப் பின்னாளில் 24 என்ற வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத்தான் தெரிவார்கள். ஆனால் இந்த வண்டி அப்படியல்ல. முர்னாவ் வேண்டுமென்றே செய்தது. அதே பயணத்தில் சில நொடிகள் பிலிமின் நெகடிவையே அப்படியே காட்டுகிறார். மரமெல்லாம் வெள்ளை, வானம் கருப்பு. ஹூட்டர் நம் உலகத்தைத் தாண்டிப் போகிறான் என்று அவர் சொல்லும் விதம் அது.

அடுத்தது இன்னும் பெரிய சிரிப்பு. காட்டேரி ஊருக்கு வந்து சேர்கிறது. தன் சவப்பெட்டியைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாடகை வீட்டுக்குச் சாமான் தூக்கிப் போகிற மாதிரி தெருவில் நடக்கிறது. அதுவும் பட்டப்பகலில்! "வெயில் பட்டால் செத்துப்போகும்னு சொன்னாங்களே?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். நியாயமான கேள்விதான்.

இடைவேளையில் மன்றச் செயலாளரான மாணவி தன் மடிக்கணினியில் வேறொரு பிரதியைக் காட்டினார். 2006-இல் ஜெர்மனியில் புதுப்பித்த பிரதி. அதே தெரு, அதே சவப்பெட்டி, ஆனால் எல்லாம் நீலம். விஷயம் இதுதான்: அந்தக் காலத்தில் இரவில் படம் பிடிக்கத் தோதில்லை. பகலில் பிடித்துவிட்டு, பிலிமைச் சாயத்தில் தோய்த்து விடுவார்கள். இரவுக்கு நீலம், பகலுக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. பின்னாளில் பிரதி எடுத்தவர்கள் கருப்பு வெள்ளையில் எடுத்தார்கள். சாயம் போச்சு, சாயத்தோடு இரவும் போச்சு. பல வருஷம் உலகமே அந்தக் காட்டேரியைப் பகலில் நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. மாணவர்களிடம் அந்த நீலத்தைப் பெரிய திரையிலேயே போடச் சொன்னேன். மீதிப் படத்தை அப்படித்தான் பார்த்தோம். இசை கிடையாது, ஹான்ஸ் எர்ட்மான் என்பவர் படத்துக்கென்று எழுதிய இசையில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. இருந்ததைக்கொண்டு சரிசெய்த இசை ஒன்று இந்தப் பிரதியில் உண்டு. எங்கள் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. காலரியின் மின்விசிறிச் சத்தம்தான் பின்னணி.

காட்டேரியின் பெயர் கவுண்ட் ஓர்லாக். நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக். 'ஷ்ரெக்' என்றால் ஜெர்மன் மொழியில் திகில் என்று பொருள். புனைபெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவர் சொந்தப் பெயரேதான். மொட்டைத் தலை, முயல் காது, எலிப்பல் முன்னால் இரண்டு, விரல்கள் குச்சி குச்சியாக. லீயிடம் ஒரு கம்பீரம் இருக்கும். இந்த ஆளைப் பார்த்தால் நோயாளியின் அறைக்குள் போன மாதிரி இருக்கிறது. மொத்தப் படத்திலும் அவர் திரையில் தெரிவதைக் கூட்டினால் பத்து நிமிஷம் தேறாது.

சிரிப்பு நின்ற இடத்தைச் சொல்கிறேன். கப்பல் ஒன்று ஆளில்லாமல் துறைமுகத்துக்குள் மிதந்து வருகிறது. மாலுமிகள் எல்லாம் செத்துவிட்டார்கள். தலைவன் தன்னைச் சுக்கானோடு கட்டிக்கொண்டு செத்திருக்கிறான். கப்பலிலிருந்து எலிகள் இறங்குகின்றன. ஊரில் கொள்ளைநோய். தண்டோராக்காரன் முச்சந்தியில் நின்று, நோய் சந்தேகம் உள்ளவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரக்கூடாது, தெருவழியே தொற்று பரவும் என்று வாசிக்கிறான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்கின்றன. ஒருவன் சுண்ணக்கட்டியோடு வீடு வீடாகப் போய்க் கதவில் சிலுவைக்குறி போடுகிறான். பிறகு எலன் தன் ஜன்னல் வழியே பார்க்கிறாள். குறுகலான தெருவில் கருப்பு உடை அணிந்தவர்கள் சவப்பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி வருகிறார்கள். அழுகை இல்லை, கூட்டம் இல்லை. வந்துகொண்டே இருக்கிறார்கள்.

காலரியில் ஒருவரும் அசையவில்லை. 2020-இல் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள். தெருவில் தகரம் அடித்ததையும், கதவில் ஸ்டிக்கர் ஒட்டியதையும், சொந்தக்காரர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் அடக்கம் நடந்ததையும் பார்த்தவர்கள். முன்வரிசையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டேன். அவளுடைய தாத்தா 2021 மே மாதம் தவறியவராம். அவள் அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் காட்சியை எடுத்தவர்களுக்கும் அது கற்பனை இல்லை. முர்னாவ் முதல் உலகப்போரில் விமானி. தயாரிப்பாளர்களில் ஒருவரும் அரங்கமைப்பாளருமான ஆல்பின் கிராவ் போர்முனையில் இருந்தவர். போர் முடியும்போதே 1918-இன் இன்ஃபுளுயன்ஸா வந்துவிட்டது. படம் பார்க்க வந்த பெர்லின்காரர்களில் வீட்டில் சாவு விழாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கதை 1838-இல் நடப்பதாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

படம் முடிந்தபின் ஒரு மாணவர் எழுந்து, "சார், வெளியூர்க்காரன் வந்தான், எலி வந்தது, நோய் வந்தது என்கிறார்களே, இது தப்பான பேச்சில்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வளைந்த மூக்கு, கிழக்கேயிருந்து வந்து வீடு வாங்கும் அந்நியன், கூடவே எலிகள் – யூதர்களைப் பற்றி ஐரோப்பாவில் உலவிய கேலிச்சித்திரங்களின் சாயல் இதில் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாயல் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஊர் ஜனங்கள் நோய்க்குக் காரணம் யாரென்று தேடி, க்னோக் என்கிற பைத்தியக்கார வீட்டுத் தரகனைக் கல்லால் அடித்துத் துரத்துகிறார்கள். அவன் பொல்லாதவன்தான். ஆனால் அவனைத் துரத்தினால் நோய் போகுமா? போகவில்லை. அந்த வேடத்தில் நடித்த அலெக்சாண்டர் கிரானாக் ஒரு யூதர். ஹிட்லர் வந்தபின் அவரும் உயிர் தப்ப நாடு நாடாக ஓட வேண்டியிருந்தது. 1945-இல் அமெரிக்காவில் இறந்தார். திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீனும் யூதர்தான். இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், கேள்வி கேட்ட மாணவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது.

கடைசிக் காட்சியில் எலன் அவனை விடியும்வரை தன் அறையிலேயே நிறுத்திவைக்கிறாள். சேவல் கூவுகிறது. ஜன்னல் வழியே வெளிச்சம். அவன் புகையாகப் போய்விடுகிறான். வெயில் பட்டால் காட்டேரி சாகும் என்று நாமெல்லாம் ஏதோ ஆதிகாலத்து நம்பிக்கை மாதிரி சொல்கிறோமே, அதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா' நாவலில் அவன் லண்டன் வீதியில் பகலிலேயே நடமாடுவான். அங்கே அவன் கதை முடிவது கத்தியால். இரண்டு கத்திகளில் ஒன்று நம் கூர்க்காக்களின் குக்ரி!

நாவல் என்றதும் வழக்குக்கு வர வேண்டும். படத்தைத் தயாரித்த கம்பெனியின் பெயர் 'பிராணா பிலிம்'. ஆமாம், நம்ம பிராணன்தான். கிராவுக்கு மாந்திரீகத்திலும் கீழைநாட்டுத் தத்துவத்திலும் ஈடுபாடு. பிராணன் என்று பெயர் வைத்தும் கம்பெனி ஒரே படத்தோடு மூச்சை விட்டது. நாவலுக்கு உரிமை வாங்காமலே படம் எடுத்துவிட்டார்கள். டிராகுலாவை ஓர்லாக் ஆக்கினார்கள், லண்டனை விஸ்போர்க் ஆக்கினார்கள். ஆனால் தலைப்பு அட்டையில் ஸ்டோக்கர் நாவலைத் தழுவியது என்று தாங்களே போட்டுவிட்டார்கள்! ஸ்டோக்கர் 1912-லேயே காலமாகிவிட்டார். அவர் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். கம்பெனி திவால். நஷ்டஈடு கொடுக்க ஆளில்லை. 1925-இல் பெர்லின் நீதிமன்றம் பிரதிகளையெல்லாம் அழித்துவிடச் சொல்லித் தீர்ப்பளித்தது.

அந்த அம்மையாரைச் சினிமாக்காரர்கள் வில்லியாகவே பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணவர் விட்டுப்போன சொத்தில் வருமானம் தரக்கூடியது அந்த ஒரு நாவல். கேட்காமல் எடுத்தால் விடுவாரா? நம் வீட்டு விதவைப் பெரியம்மா விட்டிருப்பாரா? அவர் செய்தது நியாயம். அதே நேரத்தில் படம் பிழைத்ததும் நம் அதிர்ஷ்டம். பிரதிகள் அதற்குள் வெளிநாடுகளுக்குப் போய்விட்டன. ஒரு நாட்டுக் கோர்ட் உத்தரவு எல்லாக் கிடங்குக்கும் எட்டுமா? பாரிஸில் இருந்த சாயப் பிரதி ஒன்றுதான் பின்னாளில் அந்த நீல இரவைத் திரும்பக் கொடுத்தது.

நம் பக்கம் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' நாவலை 1933-இல் ஊமைப்படமாக எடுத்தார்கள். நாவலின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் பதிப்பகத்தார் வழக்குப் போட்டார்கள். படம் நின்றது, பிரதி பறிமுதலாகிப் பதிப்பகத்தாரிடமே கிடந்தது. ஓடி முடித்த படங்களின் பிரதிகள் தேய்ந்தன, எரிந்தன, எடைக்குப் போயின. தென்னிந்திய ஊமைப்படங்களில் ஏறக்குறைய முழுதாக மிஞ்சியது, ஓடாமல் முடங்கிய இந்தப் படம்! இப்போது பூனா ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் படமான 'கீசக வத'த்தில் ஒரு துண்டுகூட இல்லை. நம் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. அதற்கும் பிரதி கிடையாது. அதே 1931-இல் அமெரிக்காவில் முறைப்படி உரிமை வாங்கி எடுத்த 'டிராகுலா' பேசும்படம் வந்தது. அதை இன்றைக்கும் நினைத்தபோது பார்க்கலாம்.

அன்று இரவு இதையெல்லாம் காலரிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினபிறகுதான் எழுந்தோம். அந்த மாணவர்கள் இப்போது ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறார்கள். பழைய மாணவர் வீடுகளில் பரணில் கிடக்கும் 8 மில்லிமீட்டர் பிலிம், வீடியோ கேசட், கல்லூரி நாடகம், விளையாட்டு விழா, எதுவானாலும் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தருகிறார்கள். பூசணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லையாம். புளித்த வினிகர் வாடை அடித்தால் மட்டும் தாமதிக்காதீர்கள் என்கிறார்கள். பிலிம் அழிய ஆரம்பித்துவிட்டதற்கு அடையாளம் அது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், முகவரி கொடுத்துவிட்டுப் போங்கள்.

அடுத்த மாதம் மன்றத்தில் டிரையர் எடுத்த 'வாம்பைர்', 1932. சனிக்கிழமை மாலை 6 மணி, அதே காலரி. ஒலிபெருக்கியைச் சரிபார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். பெஞ்சு மட்டும் பழைய பெஞ்சுதான், முதுகுவலிக்காரர்கள் ஒரு தலையணை கொண்டுவரவும்.