பட்டாவில் பெயர் இல்லாதவர்களின் மின்சாரம்



பெரம்பலூர், அரியலூர் பக்கம் கள ஆய்வுக்குப் போகிற எனக்கு, எரிசக்தி என்றாலே ஜெயங்கொண்டம்தான் நினைவுக்கு வரும். 1990களில், பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. மின்நிலையம் வரவே இல்லை. இழப்பீடு போதாதென்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். கால் நூற்றாண்டு கழித்துத்தான் நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அவர்கள் போராட்டம் நியாயமானது.

ஆனால் எடுத்தபோதும் சரி, திருப்பித் தரும்போதும் சரி, அரசின் கணக்கில் இருப்பவர் பட்டாதாரர்தான். அதே மண்ணில் களையெடுத்து, முந்திரிக்கொட்டை பொறுக்கியவர்கள் அந்தக் கோப்பில் இல்லை. 1894ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பார்க்கவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் பார்த்தது: மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக் குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றது. இன்றைய சோலார் கம்பெனியோ உரிமையாளரிடம் பேசி நிலத்தை வாங்கும், அல்லது குத்தகைக்கு எடுக்கும். அங்கே அந்த வரையறை பெரும்பாலும் வேலை செய்யாது. சோலாருக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை என்பதால் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. சேரியிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதே இல்லை.

கூரையில் வைக்கலாமே என்பீர்கள். 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000. தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். இரண்டு பல்பு, ஒரு ஃபேன் ஓடும் காலனி வீட்டுக்குப் பெரும்பாலும் பில்லே வராது. வராத பில்லை சோலார் எப்படிக் குறைக்கும்? மானியம் ஏசி ஓடும் வீட்டைத்தான் தேடிப் போகும். (காலனி வீட்டுக் கான்கிரீட் ஒழுகுவதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?)

1943இல் மின்சாரக் கொள்கைக் குழுவின் தலைவராக அம்பேத்கர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று, மின்சாரம் அரசின் உடைமையா தனியாரின் உடைமையா என்பது. இன்று மூன்றாவதாக ஒருவரையும் சேர்த்துக் கேட்கலாம். கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி, 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைத் தனக்கென நிறுவியது. உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. பெரம்பலூரில் ஓர் ஊராட்சி சோலாரில் இதைச் செய்யட்டும். ஒன்று மட்டும்: நம் பக்கம் 'ஊர்' என்றால் அதில் சேரி அடங்காது. அதனால் 'ஊராட்சிக்கு வருமானம்' என்பதோடு விடக் கூடாது. நிலமற்ற குடும்பங்களின் பங்கு, குடும்பத் தலைவியின் பெயரோடு, கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பே தீர்மானமாக எழுதப்பட வேண்டும். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும்.