சட்டத்தை வினவிய ஆசிரியர்



சட்டம் என்றதும் நம் மக்களுக்கு நினைவில் வருவன காவல் நிலையமும் வட்டாட்சியர் அலுவலகமுமே. அச்சட்டத்தையே கூண்டிலேற்றி வினாத் தொடுத்த பேராசிரியர் ஒருவரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அவர் உபேந்திர பக்ஷி. 1938இல் இராசகோட்டில் பிறந்தவர். தில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராகவும், 1990 முதல் 1994 வரை துணைவேந்தராகவும் விளங்கியவர். பின்னர் இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அண்ணல் அம்பேத்கரின் நீதிக் கொள்கையை ஆய்ந்து எழுதியவர். அண்ணலும் 1935 முதல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தவரே. ஆசிரியத் தொழிலில் எனக்குச் சற்றுச் செருக்கு உண்டு, பொறுத்தருள்க.

1972இல் மராட்டிய மாநிலத்துக் காவல் நிலையமொன்றில் மதுரா என்னும் பழங்குடிச் சிறுமி கெடுக்கப்பட்டாள். உயர்நீதிமன்றம் காவலரைத் தண்டித்தது. உடலில் காயமில்லை, ஆகவே எதிர்க்கவில்லை என்று கூறி உச்சநீதிமன்றம் 1978இல் அவர்களை விடுவித்தது. வழக்கு அத்தோடு மறக்கப்பட்டிருக்கும். 1979 செப்டம்பரில் பக்ஷி, லத்திகா சர்க்கார், இரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகிய நால்வரும் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அஞ்சிப் பணிவது வேறு, இசைவது வேறு என்பதே அம்மடலின் உயிர். இதனைக் கூலி வேலைக்குச் செல்லும் நம் தாய்மார்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. உச்சநீதிமன்றத்திற்கு விளக்க வேண்டியிருந்தது! பெண்கள் நாடெங்கும் வீதிக்கு வந்தனர். 1983இல் சட்டம் திருந்தியது. காவலில் நிகழ்ந்த வன்புணர்ச்சியில், புணர்ச்சி மெய்ப்பிக்கப்பட்டபின், தான் இசையவில்லை எனப் பெண் உரைத்தால் நீதிமன்றம் அவ்வாறே கொள்ளுதல் வேண்டும் என்றாயிற்று.

சட்டத்தை உருப்போடாமல், அது யாருக்கு அரணாக நிற்கிறது என ஆராய்வதைத் திறனாய்வுச் சட்டக் கோட்பாடு என்பர்.

மற்றொன்று நம் வாயிலிலேயே நிற்பது. நம் பிள்ளைகள் பலர் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகப் பேருந்தேறுகின்றனர். முதலாளி கடல் கடந்த நாட்டில் இருக்கிறார். கேடு நேரின் எந்த நாட்டு மன்றத்தில் முறையிடுவது? 1984இல் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுவளி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின், இந்திய அரசு நியூயார்க்கில் வழக்கிட்டது. இந்தியாவிலேயே வழக்காடுக என்று அந்நீதிமன்றம் 1986இல் திருப்பிவிட்டது. 1989இல் 47 கோடி டாலருக்கு வழக்கு முடிக்கப்பட்டது. அவ்வழக்கின் ஆவணங்களைத் தொகுத்து 1986இலேயே நூலாக்கியவர் பக்ஷி. பன்னாட்டுச் சட்டம் தூதர்களுக்கு மட்டும் உரியதன்று, ஆலைத் தொழிலாளிக்கும் உரியது என்பதை நான் அறிந்தது அவ்வழக்கினால்தான்.

புதுப்பாக்கத்திலும் பட்டரைப்பெரும்புதூரிலும் அண்ணலின் பெயர் தாங்கிய அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம்; பட்டதாரிகளுக்கு மூன்றாண்டு. விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் ஞாயிறு காலையில் நம் படிப்பகத்திற்கு வருக; நான் அங்கிருப்பேன். சாதிச் சான்றிதழை மறவாது எடுத்து வருக.