சங்கக் கணினிக்கு எதற்கு இரண்டு டிஸ்க்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அலுவலகக் கணினிக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிய செலவு இந்தக் காலாண்டுக் கணக்கில் இருக்கிறது. "ஒன்று போதாதா?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன், கணினி இன்ஜினீயர் இல்லை. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

அந்தக் கணினியில் பராமரிப்புக் கட்டண ரசீதுகள், வைப்பு நிதிக் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்தம், பொதுக்குழுத் தீர்மானங்கள் எல்லாம் இருக்கின்றன. 2015 வெள்ளத்தில் தரைத்தள அறையில் இருந்த பதிவேடுகள் ஊறிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். வீடு வீடாகப் போய் ரசீது வாங்கித்தான் கணக்கை மறுபடி எழுதினோம். ரசீது இல்லாதவர்கள் விஷயத்தில் வாய்வார்த்தையை நம்பினோம். அதில் வந்த மனக்கசப்பு இரண்டொரு வீடுகளில் இன்னும் தீரவில்லை.

இதற்குப் பழைய உதாரணம் பக்கத்தில் சிதம்பரத்திலேயே இருக்கிறது. நம்பியாண்டார் நம்பியோடு சோழ மன்னன் தில்லைக்கு வந்து பூட்டிய அறையைத் திறந்தபோது, தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது, பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பூட்டில் குறை இல்லை. பூட்டு கரையானுக்குத் தெரியுமா?

சரி, டிஸ்க்குக்கு வருவோம். ஒரே விவரத்தை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதுவதற்கு ரெய்டு-1 என்று பெயர். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் ரெய்டு என்ற பெயரும் இந்த எண் வரிசையும் பரவலாயின. நம் பாஷையில் சொன்னால் கார்பன் தாள் வைத்து எழுதுவது. ஒரு தாள் கிழிந்தால் மற்றது இருக்கும்.

நம் கணினியில் ஓடுவது லினக்ஸ். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் குடும்பம்தான். லினக்ஸில் ரெய்டு செய்யத் தனிக் கருவி வாங்க வேண்டாம். கெர்னல் என்ற அதன் உட்கருவே அந்த வேலையைச் செய்யும்.

இங்கேதான் ஒரு சிக்கல் வரும். கணினி எழுந்திருக்கும்போது முதலில் கெர்னல் நினைவகத்தில் ஏறும். பிறகு அது டிஸ்க் ஜோடியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்குத் தேவையான ரெய்டு நிரல் துண்டு அந்த டிஸ்க் ஜோடிக்குள்ளேயே இருந்தால்? ஸ்ட்ராங் ரூம் சாவியை ஸ்ட்ராங் ரூமுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

வழி இரண்டு உண்டு. முதலாவது, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு பொட்டலத்தில் சாவியைக் கட்டி கெர்னலோடு அனுப்புவது. டெபியன், உபுண்டு எல்லாம் இப்படித்தான் செய்கின்றன. இரண்டாவது, கெர்னலை நாமே கம்பைல் செய்வது. மூல நிரலை இறக்கி, மேக் மெனுகான்ஃபிக் என்று தட்டினால் பட்டியல் வரும். அதில் ரெய்டு-1, சாட்டா கட்டுப்படுத்தி, எக்ஸ்ட்4 கோப்பு முறை ஆகிய மூன்றுக்கும் தனித் துண்டு என்று பொருள்படும் 'எம்' வைக்காமல், உள்ளேயே சேர் என்ற 'ஒய்' வைக்க வேண்டும். சாவி கெர்னலின் இடுப்பிலேயே இருக்கும். ஆனால் கெர்னல் தானாகவே ஜோடியைக் கண்டுபிடிப்பது 0.90 என்ற பழைய வகை ரெய்டு முத்திரைக்கு மட்டும்தான். இப்போது வழக்கமாக இடப்படும் 1.2 முத்திரை என்றால் பொட்டலம் இல்லாமல் முடியாது. இதைக் கவனிக்காமல் 'ஒய்' மட்டும் வைத்தால் ரூட் கிடைக்கவில்லை என்று திரையில் புலம்பி நின்றுவிடும்.

சங்கத்துக்கு நான் பொட்டல வழியைத்தான் வைத்தேன். கம்பைல் செய்து பார்த்தது என் வீட்டுப் பழைய கணினியில். பல மணி நேரம் ஓடியது, நடுவில் மின்சாரம் போய் இன்வெர்ட்டர் காப்பாற்றியது. கற்றுக்கொள்ள அருமையான வழி. ஆனால் நாளைக்கு எனக்குப் பதில் வேறொருவர் இந்தக் கணினியைப் பார்க்க வேண்டுமே. நான் மட்டும் அறிந்த சூட்சுமம் பொதுச் சொத்தில் இருக்கக் கூடாது. நீங்கள் வீட்டில் முயன்றால் பழைய கெர்னலை அழிக்காமல் தொடக்கப் பட்டியலில் விட்டுவையுங்கள்.

இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணினியைக் கிளப்பிவிடும் கிரப் நிரலை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவ வேண்டும். முதல் டிஸ்க்கில் மட்டும் இருந்தால், அது செத்த அன்று இரண்டாவதில் கணக்கு முழுக்க இருக்கும், கணினி எழுந்திருக்காது. இரண்டிலும் நிறுவிவிட்டு, கணினியை அணைத்து, முதல் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். எழுந்தது. மாட்டிவிட்டு அடுத்ததைப் பிடுங்குவதற்குமுன் இரண்டும் மறுபடி ஒத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பழைய நகல்தான் கையில் மிஞ்சும்.

எம்டிஸ்டாட் என்ற கோப்பைத் திறந்தால் சதுர அடைப்புக்குள் 'யூ' என்ற ஆங்கில எழுத்து இரண்டு தெரியும். இரண்டு டிஸ்க்கும் நலம் என்று அர்த்தம். ஒன்றின் இடத்தில் கீழ்க்கோடு தெரிந்தால் ஒரு டிஸ்க் போய்விட்டது. கணினி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் யாரும் பார்க்காவிட்டால் தெரியாது. மற்றதும் போகிற அன்றுதான் தெரியவரும்.

கார்பன் தாளுக்கு ஒரு குணம் உண்டு. தப்பாக எழுதினால் தப்பும் இரண்டு தாளிலும் விழும். யாராவது கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அந்த நொடியே அழியும். வைரஸ், திருட்டு, தண்ணீர் எதற்கும் ரெய்டு மருந்தல்ல. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மேஜைக்கடியில். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரை கடந்தபோது நம் கடலூர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் மாதம் ஒரு முறை தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, சிதம்பரத்தில் மாடி வீட்டில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மகளிடம் கொடுத்து வைக்கிறோம். சிதம்பரமும் புயலுக்கு விலக்கான ஊர் இல்லை. ஆகவே இன்னொரு நகல் கடலோரம் தாண்டி உள்மாவட்டத்தில் இருந்தால் நல்லது. யாருக்காவது அங்கே நம்பகமான உறவினர் இருந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள்.

எம்டிஸ்டாட் பார்க்கவும் ஆள் வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து நிமிடம் போதும். இரண்டு பேர் பெயர் கொடுங்கள். ஒருவர் வெளியூர் போனால் மற்றவர் பார்ப்பார்.