ஸ்லாபுக்குள்ள ஓடுற வயருக்கு எத்தனை டிகிரி?

இன்னைக்கு கோடிங் இல்ல, காப்பர்.

"2.5 ஸ்கொயர் எம்.எம் வயர் எத்தனை ஆம்ப் தாங்கும்?" இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வயரோட லிமிட் ஆம்ப் இல்ல, சூடு. சாதாரண பி.வி.சி இன்சுலேஷனுக்கு 70 டிகிரி, எச்.ஆர் வகைக்கு 85, எக்ஸ்.எல்.பி.ஈ-க்கு 90. சுத்தியிருக்கிற சூடு போக மிச்சம் எவ்வளவோ, அதுதான் கரண்டுக்கு.

ஐ.ஈ.சி டேபிள்ல, சுவத்துக்குள்ள பைப்புல போற 2.5 பி.வி.சி காப்பருக்கு சிங்கிள் ஃபேஸ்ல 24 ஆம்ப்னு போட்டிருக்கும். அது 30 டிகிரிக்கு. நம்ம ஊர்ல எந்த மே மாசம் 30 டிகிரி? (சில இந்திய கேட்டலாக் 40 டிகிரிக்கே போட்டிருக்கும். அடிக்குறிப்பைப் பாருங்க, ரெண்டு தடவை குறைச்சிடாதீங்க.)

இடையஞ்சாவடியில சித்தப்பா வீடு கட்டிட்டிருக்கார். சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டியாச்சு. கார் சார்ஜருக்கான வயர் டி.பி-யில இருந்து மொட்டைமாடி ஸ்லாப் வழியா போர்ட்டிகோவுக்குப் போகணும், அதே பைப்புல ஏ.சி வயரும். எலக்ட்ரீஷியன் அண்ணன், "எஃப்.ஆர் வயர்தான் தம்பி போடறோம், சூட்டுக்குப் பயமில்ல"ன்னார். அங்கதான் குழப்பமே. எஃப்.ஆர்னா தீ பரவாம தடுக்கும், அவ்வளவுதான். அதுக்காக 70 டிகிரி 85 ஆயிடாது.

கணக்கு போட்டோம். வெயில் குடிச்ச ஸ்லாப் 50 டிகிரின்னு வெச்சா 24-ஐ 0.71-ஆல பெருக்கணும்: 17 ஆம்ப். ஒரே பைப்புல ரெண்டு சர்க்யூட், இன்னொரு 0.8: 13.6. சார்ஜர் 3.3 கிலோவாட், அதாவது 14.3 ஆம்ப், மணிக்கணக்கா. ராத்திரிதானே சார்ஜ்னு சொல்லலாம். காங்கிரீட் ராத்திரிதான் பகல் சூட்டைத் திருப்பித் தருது!

20 ஆம்ப் எம்.சி.பி இதைக் காப்பாத்தாது. அது தன் வழியா போற கரண்டைத்தான் பார்க்கும், ஸ்லாபுக்குள்ள வயர் வேகறது அதுக்குத் தெரியாது. ட்ரிப் ஆகாம, வருஷக்கணக்குல இன்சுலேஷன் மொறுமொறுன்னு ஆகும்.

சரி, 85 டிகிரி வயர் போட்டா? ஸ்லாபுக்குள்ள உதவும். ஆனா வயர் முடியற இடம் எம்.சி.பி, சாக்கெட்டோட ஸ்க்ரூ. அதெல்லாம் பொதுவா 70 டிகிரி வயரை நினைச்சு செஞ்சது. அதனால எச்.ஆர் வயரை சூட்டுக்கான மார்ஜினா வெச்சுக்கங்க, அளவைக் குறைக்கச் சாக்கா இல்ல. மரக்காணம் உப்பளக் கரையோரம்னா இன்னும் கவனம்: உப்புக்காத்துல ஸ்க்ரூ அரிச்சா ரெசிஸ்டன்ஸ் ஏறும், சூடு அங்கதான் முதல்ல வரும்.

வயரை அப்புறமா மாத்தலாம், ஸ்லாபுக்குள்ள போன பைப்பை மாத்த முடியாது. அதனால சார்ஜருக்குத் தனியா 25 எம்.எம் பைப்பு, 4 ஸ்கொயர் எச்.ஆர் வயர், 16 ஆம்ப் எம்.சி.பி. சாதாரண பி.வி.சி-யா கணக்கு போட்டாலே 32 பெருக்கல் 0.71, கிட்டத்தட்ட 22.7 ஆம்ப் வருது. பைப்புக்கும் வயருக்கும் கூடுதல் செலவுதான். சித்தப்பா முணுமுணுத்தார், ஆனா காங்கிரீட் வண்டி வர்றதுக்கு முன்னாடி பைப்பு போட்டாச்சு.