திறமைக்கும் டயர் வேண்டும்

என் பணிக்காலம் முழுக்க மோட்டார் சைக்கிள் எஞ்சினோடு போயிற்று. அதனால் பந்தயத்தைப் பற்றியே பேசுகிறேன்.

2021 ஏப்ரல், கத்தாரின் லுசைல் தடம், உலகப் போட்டியின் கீழ்ப்பிரிவான மோட்டோ3 பந்தயம். பெத்ரோ அகோஸ்டா என்ற ஸ்பெயின் பையனுக்கு வயது 16. உலகப் போட்டியில் அது அவனுடைய இரண்டாவது பந்தயம். பயிற்சியில் மெதுவாக ஓட்டியதற்குத் தண்டனையாக, தடத்துக்குப் பக்கத்தில் வண்டிகளைச் சரிபார்க்கும் பிட் லேனிலிருந்து புறப்படச் சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் கடந்துபோன பிறகுதான் அவனுக்கு வழி. லுசைலின் நேர்பாதை ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். முன்வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் ஒட்டிக்கொண்டால், அதே எஞ்சினில் கூடுதல் வேகம் கிடைக்கும். கூடவே தண்டனை பெற்றவர்களும் அவனும் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போனார்கள். கூட்டத்தைப் பிடித்தான், உள்ளே புகுந்தான், ஜெயித்தான். அந்த வருடமே மோட்டோ3 உலக சாம்பியன்.

அவனுடைய அப்பா மசரோன் என்ற கடலோர ஊரின் மீனவர். இந்தத் தொழிலிலோ, கீழ்ப்பிரிவு அணிகள் பலவும் ஓட்டுபவரிடமே ஸ்பான்சர் பணம் கேட்கும். அகோஸ்டாவுக்குக் கதவைத் திறந்தது 2007-ல் தொடங்கிய ரெட் புல் ரூக்கீஸ் கோப்பை. எல்லோருக்கும் ஒரே வகை வண்டி. அதையும் நடத்துபவர்களே தருகிறார்கள். 2020-ல் அவன் அதில் சாம்பியன். 2014-ல் அங்கே முதலிடம் பெற்ற ஹோர்ஹே மார்ட்டின் 2024-லும், இரண்டாமிடம் பெற்ற ஜோன் மிர் 2020-லும் உச்சப் பிரிவான மோட்டோஜிபியின் பட்டத்தையே வென்றார்கள்.

அந்தக் கோப்பை வருவதற்கு முன்னால், கேசி ஸ்டோனரின் பெற்றோர் ஆஸ்திரேலியாவில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, 14 வயது மகனோடு இங்கிலாந்து போனார்கள். அந்த மகன் 2007-லும் 2011-லும் மோட்டோஜிபி உலக சாம்பியன். விற்க ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது.

எனக்கு ஒரு பெயர் தெரியும். நான் மாணவனாக இருந்தபோது சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். விடுதியிலிருந்து பஸ் பிடித்துப் போவோம். வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன், மற்றவர்கள் கழற்றிப் போட்ட டயரைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு இறங்குவான். வளைவில் பின்சக்கரம் வழுக்கும். உடம்பைச் சாய்த்தே வண்டியை நிமிர்த்திவிடுவான். அவனுக்குப் புது டயர் கிடைக்கவே இல்லை. ஒருநாள் விட்டுவிட்டான். அவன் உண்மையில் எவ்வளவு வேகமானவன் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த வருத்தம் எனக்கு ஆறவே இல்லை.

இன்று இருங்காட்டுக்கோட்டையில் நல்ல தடம் இருக்கிறது. ஒரே வகை வண்டியைக் கம்பெனியே கொடுத்து நடத்தும் போட்டிகளும் வந்துவிட்டன. ஆனால் அந்தப் போட்டிவரை ஒரு பிள்ளை வந்து சேரவே லெதர் உடை, பயிற்சிக் கட்டணம், விழுந்தால் ஆஸ்பத்திரி என்று செலவு வரிசைகட்டி நிற்கிறது.

இன்று பட்டம் வாங்கும் உங்களில் பலர் வாகனக் கம்பெனிகளுக்குப் போகிறீர்கள். நாளை பட்ஜெட் போடும் அறையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். அப்போது விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்திலிருந்து, ஒரு பிள்ளையின் ஒரு சீசன் செலவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். லேப் டைமைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். அப்பாவுக்கு என்ன வேலை என்று விண்ணப்பத்தில் கேட்கவேண்டாம்.