பூட்டிய அறையும் திறந்த கதவும்

(நூலகக் கிழமையையொட்டிக் கடலூரில் ஆற்றிய உரை)



தில்லையில் ஓர் அறை இருந்தது. உள்ளே தமிழ் இருந்தது; வெளியே தமிழர் இருந்தனர்; இரண்டுக்கும் இடையே பூட்டு இருந்தது.

மூவர் பாடிய பதிகங்கள் எழுதிய ஏடுகள் அவ்வறையில் கிடப்பதை நம்பியாண்டார் நம்பி வாயிலாக அறிந்த இராசராசன், கதவைத் திறக்கச் சொன்னான். பாடிய மூவரும் நேரில் வந்தாலன்றிக் கதவு திறவாது என்று காப்பாளர் விடையிறுத்தனர். மன்னன் மூவர் திருவுருவங்களையும் விழாவெடுத்துக் கொணர்ந்து கதவின்முன் நிறுத்தினான், கதவு திறந்தது. உள்ளே ஏட்டுக் குவியலின்மேல் புற்று வளர்ந்திருந்தது. எண்ணெய் சொரிந்து, புற்று நீக்கி, சிதையாதவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தனர். இது திருமுறை கண்ட மரபு கூறும் செய்தி. இன்று தேவாரம் என ஓதப்பெறுவன எண்ணாயிரத்திற்குச் சற்று மிகுந்த பாடல்களே. போனவை போக எஞ்சியவை இக்காலத்திற்குப் போதும் என்று ஒரு குரல் எழுந்ததாகவும் அம்மரபு ஆறுதல் கூறும். ஆறுதல் நல்லதுதான், ஆனால் ஆறுதல் ஏடு ஆகாது.

இச்செய்தியை வரலாற்றாசிரியர் பலவாறு ஆய்வர். அதன் உட்பொருள் ஒன்றே. அவ்வேடுகளை எந்தப் பகைவனும் கொளுத்தவில்லை. எந்தப் படையும் கொள்ளையிடவில்லை. காக்கிறோம் என்று நம்பியவர்களின் கையிலேயே அவை அழிந்தன. கறையானுக்குத் தமிழ்மேல் பகையில்லை. அதற்குப் பசி மட்டுமே உண்டு. அப்பசிக்கு வேண்டிய காலத்தைக் கொடுத்தது பூட்டு. படிக்கும் கை நாள்தோறும் படும் ஏட்டில் கறையான் குடியேறுவதில்லை. அதனால் நூலுக்குக் காவல் பூட்டன்று, படிப்பாளனே!

கடலூர்க்கும் இதுபோன்ற ஒரு செய்தி உண்டு. திருப்பாதிரிப்புலியூர் ஒருகாலத்தில் பாடலி என்னும் பெயரோடு சமணப் பள்ளியொன்றுக்கு இடமாக இருந்தது. கி.பி. 458-இல், பல்லவன் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில், சருவநந்தி என்னும் சமண முனிவர் பாடலியில் உலகவிபாகம் என்னும் நூலைப் பாகத மொழியில் எழுதி முடித்தார். அவ்வூர் இப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் துணிபு. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நூல் பிறந்த மண் இது! ஆயினும் அப்பாகத மூலம் இன்று இல்லை. பிற்காலத்தில் சிம்மசூரி என்பார் வடமொழியில் ஆக்கிய வடிவமே எஞ்சியுள்ளது. அதைக் கொண்டே மூலம் எழுந்த ஆண்டும் அறியப்பட்டது. மூலம் மறைந்தது, மொழிபெயர்ப்பு வாழ்கிறது. படியெடுப்பாரும் படிப்பாரும் எந்த வடிவத்தைப் போற்றுகின்றனரோ அந்த வடிவமே நிலைக்கும். தம் நூலைத் தாம் போற்றாத இனத்தார் தம் வரலாற்றைப் பிறமொழி நூலில் தேட நேரும்.

பூட்டு நோய்க்கு மருந்து கண்டவர் இந்நிலப் பகுதியிலேயே பிறந்தார். சிதம்பரத்திலிருந்து தெற்கே கொள்ளிடம் கடந்தால் சீர்காழி. 1892-இல் அங்குப் பிறந்த இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று திரும்பினார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணர் ஆனார். 1931-இல் நூலகவியலின் ஐந்து நெறிகளை நூலாக வெளியிட்டார். 1933-இல் கோலன் பகுப்புமுறையை உலகிற்கு அளித்தார்.

அவ்வைந்து நெறிகளுள் தலையானது, நூல் பேணிப் பதுக்குவதற்கன்று, எடுத்துப் பயன்படுத்துவதற்கே என்னும் கருத்து. இஃது எளிய உண்மையாகத் தோன்றும். ஆனால் ஐரோப்பாவிலும் பழங்காலத்தில் நூல்களை இரும்புத் தொடரிகளால் அடுக்கோடு பிணித்து வைத்திருந்தனர். தில்லையில் பூட்டு, அங்கே தொடரி. இரண்டையும் உடைத்தது அந்த ஒரு நெறி.

நெறி வகுத்ததோடு அவர் நிற்கவில்லை. அதே 1931-ஆம் ஆண்டு, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்னும் பெருமகனார் இரங்கநாதனின் திட்டப்படி மாட்டுவண்டி நூலகம் ஒன்றை உருவாக்கினார். நூல் நிறைந்த வண்டி ஊர் ஊராகச் சென்றது. எழுத்தறிந்தார்க்கு நூல் வழங்கப்பட்டது. உழவன் நூலகத்தைத் தேடிச் செல்ல இயலாவிடின் நூலகம் உழவனைத் தேடிச் செல்க என்பதே அவ்வண்டிச் சக்கரம் எழுதிய பாடம்.

இம்முயற்சிகளின் கனியாக, அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டிற்கும் மனைக்கும் செலுத்தும் சொத்து வரியோடு சேர்த்து அது தண்டப்பெறுகிறது. இன்று வரி உருபா ஒன்றுக்குப் பத்துக் காசு. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்து, மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இவ்வரியால் நடைபெறுகின்றன. 1993-இல் தென்னார்க்காடு பிரிந்து கடலூர் மாவட்டம் தோன்றியபின் இம்மாவட்ட நூலகங்களும் அவ்வாறே இயங்குகின்றன.

அவையோரே, வீட்டு வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். நூலகம் அரசு இரக்கங்கொண்டு இட்ட பிச்சையன்று; குடிமக்கள் தம் காசால் கட்டிய சொத்து. வரி கட்டிவிட்டு வாயிற்படி மிதியாதவன், விலை கொடுத்து வாங்கிய சோற்றை உண்ணாமல் எழுந்து போகின்றவனை ஒப்பான். ஊராட்சியும் நகராட்சியும் தண்டிய நூலக வரியை உரிய காலத்தில் நூலகத்திற்குச் செலுத்துவதில்லை என்னும் குறை தமிழகத்தில் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. பயன்கொள்வார் பலராயின் கேட்பாரும் பலராவர். கேட்பார் இலராயின் நிலுவை வளர்ந்துகொண்டேயிருக்கும்.

சிதம்பரத்திற்குப் பல்கலைக்கழகம் இருக்க, ஊர் நூலகம் எதற்கு என்பாரும் உண்டு. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நூலகம் பெருநூலகமே. ஆயினும் அது மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் உரியது. தேரடியில் பூத்தொடுப்பவளின் மகளுக்கும், வண்டியோட்டும் இளைஞனுக்கும், ஓய்வு பெற்ற கைத்தறியாளர்க்கும் உரியது ஊர் நூலகமே. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே பந்தியில் அமர்ந்தவனை நீ யார், எக்குலம் என்று கேட்பாரில்லை. பசி ஒன்றே தகுதி. அறிவுப் பசிக்கு அத்தகைய பந்தி பொது நூலகம்.

இனி, தனித்தமிழ்ப் பற்றாளர்கள் தம்மை நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நூலகத்தில் நல்ல தமிழ் நூல் இல்லை என்னும் முறையீடு தமிழ்க்கூட்டந்தோறும் எழுகிறது. அம்முறையீட்டை நூலகத்திற் சென்று எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர்? பாவாணர் நூலையும் மறைமலையடிகள் நூலையும் பெயர் சொல்லிக் கேட்டவர் எத்தனை பேர்? எடுத்துப் படித்துத் திருப்பித் தந்தவர் எத்தனை பேர்? கேட்கப்படாத நூல் வாங்கப்படாது. எடுக்கப்படாத நூல் பழைய தாளோடு தாளாகக் கழிக்கப்படும்.

அதனினும் பெருங்கேடு பற்றாளர் வீட்டுப் பேழைகளிலேயே இருக்கிறது. வாழ்நாளெல்லாம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த அரிய நூல்களும், நின்றுபோன இதழ்களின் தொகுப்புகளும் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. இரவல் கேட்டால் கொடுப்பதில்லை. தந்தது திரும்பாது என்னும் அச்சம். சேர்த்தவர் மறைந்த சில திங்களில் பேழை திறக்கும். அப்போது வருபவன் படிப்பாளன் அல்லன். தராசோடு வரும் பழந்தாள் வணிகன். கடலூர்ப் பகுதியின் உப்புக் காற்றும், 2004-இன் ஆழிப்பேரலையும், 2011-இன் தானே புயலும் வீட்டுப் பொருள்களுக்குச் செய்தவற்றை இங்குள்ளார் அறிவர். தில்லை அறையின் பூட்டைப் பழிப்போர் தம் வீட்டுப் பேழையின் திறவுகோலை நோக்குக!

தனித்தமிழியக்கத் தந்தை மறைமலையடிகள் இதற்கு வழிகாட்டிச் சென்றார். தேடித் தேடிச் சேர்த்த ஏறத்தாழ நாலாயிரம் நூல்களைத் தமக்குப்பின் பொதுமக்கட்குப் பயன்படுமாறு விட்டுச் சென்றார். 1950-இல் அவர் மறைந்தார். 1958-இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அந்நூல்களை அடித்தளமாகக் கொண்டு சென்னையில் மறைமலையடிகள் நூலகத்தை நிறுவியது. அடிகளார் தம் வீட்டிற்குள் வைத்துப் பூட்டியிருப்பின் அந்நூல்கள் என்னாயிருக்கும்? கொடுத்ததனால் அவை எஞ்சின.

நூலகத்தின் அருமையைத் தமிழர் உணர்வதினும் தமிழரின் பகைவர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் பள்ளி நிறுவியவர். இரண்டு ஊர்க்கும் உறவு பழைமையானது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1930-களில் ஒருவரின் வீட்டுத் தொகுப்பாகத் தொடங்கி, மக்கள் கொடையால் வளர்ந்து, 1959-இல் மாளிகையாக எழுந்தது. அதன் அமைப்பிற்கு அறிவுரை வழங்கியவர் அதே சீர்காழி இரங்கநாதன்! 1981 மே இறுதிநாள் இரவில், சிங்களக் காவற்படையினரும் வன்முறைக் கும்பலும் அதற்குத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலாயின. எரியும் நூலகத்தைக் கண்ட தாவீது அடிகள் என்னும் பன்மொழிப் புலவர் அதிர்ச்சியால் உயிர் நீத்தார். மாளிகை பின்னர்ப் புதுப்பிக்கப்பெற்றது. ஒற்றைப் படியாய் இருந்த ஏடுகள் மீளவில்லை. பகைவன் தீயால் செய்ததைப் பற்றாளன் பூட்டால் செய்தல் ஆகுமா?

ஆதலின், வரும் ஆண்டில் கடலூரிலும் சிதம்பரத்திலும், ஏனைக் கிளை நூலகங்களிலும், நூலகரோடு கைகோத்து நடத்தத்தக்க நிகழ்ச்சிகள் இவை:

ஏப்பிரல் 23, உலக நூல் நாள். அன்று வீட்டுப் பேழைகளைத் திறக்கும் நாளாக அது அமைக. இரண்டு படியுள்ள நூலில் ஒன்று நூலகத்திற்குச் செல்க. ஒரே படியாயின் அதனை மின்படியாக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்புகளை நாடுக.

சூன் 1, யாழ் நூலக நினைவு நாள். அன்று முழக்கம் வேண்டா. எழுத்தறியாத முதியோரைக் கூட்டி, மாலையில் ஒரு நூலை உரக்கப் படித்துக் காட்டுக. எரிந்த நூலுக்குச் செய்யும் நினைவுக்கடன் இன்னொரு நூலைச் செவிக்கு ஊட்டுதலே.

ஆகத்து 12, இரங்கநாதன் நினைவாகக் கொண்டாடப்பெறும் நூலகர் நாள். ஒவ்வொரு பற்றாளரும் தம் தெருவில் ஐந்து பேரையேனும் உறுப்பினராக்குக. ஆயிரம் உருபா செலுத்தி நூலகப் புரவலர் ஆக இயன்றவர் ஆகுக.

செபுத்தம்பர் 15, மறைமலையடிகள் மறைந்த நாள். தேவனாம்பட்டினத்து மீனவரையும், பண்ணுருட்டிப் பலா உழவரையும், தறியாளரையும் நூலகத்திற்கு அழைத்து, அவர்தம் தொழிற்சொற்களைக் கேட்டு எழுதி, ஏடாகக் கட்டி நூலகத்தில் வைக்க. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்குவோர் கடற்கரையில் இருக்க, அச்சொற்களை அகராதியில் மட்டும் தேடுவது அறிவுடைமையன்று. அச்சொற்கள் அவர் நாவோடு மறைந்தால் அதுவும் ஒரு நூலகம் எரிந்ததாகும்.

நவம்பர் 14 முதல் 20 வரை நூலகக் கிழமை. அதற்குள் ஒவ்வொருவரும் வேண்டும் தமிழ் நூல்களின் பட்டியலைக் கையொப்பமிட்டு நூலகரிடம் தருக.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா. மேடையும் தோரணமும் வேண்டா. கிழமைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். செல்லும்போது ஒரு சிறுவனையோ சிறுமியையோ உடன் அழைத்துச் செல்க. அச்சிறு கை ஒரு தமிழ் நூலை அடுக்கிலிருந்து தானே உருவி எடுக்கட்டும்.

நூலகம் திறந்திருக்கிறது. செல்க!

வாழ்க தமிழ்!