தடுக்கி விழுந்த பையன் தந்த பாடம்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு பெறும் பிள்ளைகளைப் பாராட்டிப் பேசும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இன்று பரிசே வாங்காத ஒரு பையனைப் பற்றியும், அவனுக்கு நான் செய்த தவற்றைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வேறொரு தோட்டப் பள்ளியில் வேலை செய்தேன். என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். படிப்பில் கெட்டி. ஆனால் சபைகூடலுக்கு எப்போதும் கடைசியில்தான் வருவான். படி ஏறத் தடுமாறுவான். ஓடினால் நாலு எட்டில் விழுவான். கெண்டைக்கால் மட்டும் பந்து விளையாடுகிறவன் கால் மாதிரி புடைத்திருக்கும். "இவ்வளவு பெரிய காலை வச்சிக்கிட்டு ஓட முடியலையா, சோம்பேறி!" என்று திட்டினேன். ஒருநாள் திடலை ஒரு சுற்று ஓடச் சொன்னேன். விழுந்தான். தரையில் கை ஊன்றி, பிறகு முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, மரம் ஏறுகிறவனைப் போலத் தன் உடம்பின்மீதே தான் ஏறி எழுந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அடக்கவில்லை.

லயத்தில் வேறு பேச்சு நடந்தது. அந்த அம்மாவின் தம்பியும் இப்படியே விழுந்து விழுந்து, நடை நின்று, சின்ன வயதில் இறந்தவராம். "தாய் வீட்டுப் பாவம்" என்று பேசினார்கள். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிய காசில் அந்தத் தாய் கோயில் கோயிலாகப் போய்க் கயிறு கட்டினார்.

பள்ளிக்கு வந்த தாதி ஒருவர்தான் பையனைக் கவனித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். "டாக்டரு பேசுறது எனக்கு விளங்காது சார், நீங்களும் வாங்க" என்றார் தாய். போனேன்.

அவர் பிள்ளைகளின் நரம்பு நோய் நிபுணர். பையனைத் தொடவே இல்லை. கீழே உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்தார். பிறகு மலாயில் ஒரு கேள்வி கேட்டார். அதைத் தமிழில் நான்தான் கேட்க வேண்டியதாயிற்று: "அம்மா, உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது இப்படி இருந்ததா?" அந்தத் தாய் அழுதுவிட்டார். எந்தச் செய்தியை வைத்து ஊர் அவரைப் பழித்ததோ, அதே செய்தியை வைத்து டாக்டர் நோயைக் கண்டுபிடித்தார்! இரத்தப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் அதை உறுதி செய்தன.

நோயின் பெயர் டுஷேன் தசைச் சிதைவு. தசை நார்களைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடலில் உண்டாகாததே காரணம். இந்தப் புரதத்தை விஞ்ஞானிகள் 1987இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே இது தாக்கும். தாயின் வழியாக வரலாம்; குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் வரலாம். இதில் பாவமும் இல்லை, சாபமும் இல்லை. அவன் எழுந்த விதத்தை லண்டன் டாக்டர் வில்லியம் கவர்ஸ் 1879இலேயே எழுதி வைத்திருக்கிறார். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற எனக்கு அது தெரியவில்லை.

முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரை, உடற்பயிற்சி, இருதயத்துக்கும் மூச்சுக்கும் தவறாத பரிசோதனை ஆகியவற்றால் நடக்கும் காலத்தையும் வாழும் காலத்தையும் நீட்டலாம். அந்தப் பையன் இன்று சக்கர நாற்காலியில் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறான்.

மாணவர்களே, அந்த டாக்டரின் கண் ஒரே நாளில் வந்ததன்று. மருத்துவப் பட்டத்துக்கு 5 ஆண்டு, பயிற்சி டாக்டராக 2 ஆண்டு, அதன்பின் பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ நிபுணத்துவம், அதற்கும் மேல் நரம்பியல் பயிற்சி. ஏறக்குறைய 15 ஆண்டுப் படிப்பு!

தமிழ்நாட்டு வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனையில்தான், 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் துறையை அமைத்தார். அங்கே பயின்ற மேரி வர்கீஸ் என்ற பெண் டாக்டர், 1954இல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அதோடு ஓய்ந்தாரா? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூருக்கே திரும்பி அத்துறையை நடத்தினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பெற்றோர்களே, ஆண் பிள்ளை அடிக்கடி விழுந்தால், படி ஏறத் திணறினால், தொடையில் கை ஊன்றி எழுந்தால், அடிக்காதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கோயிலுக்கும் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களில் ஒருவர் அந்த நிபுணராக வரவேண்டும். அன்று தோட்டத்துத் தாய் ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது, இடையில் மொழிபெயர்க்க ஒரு வாத்தியார் தேவைப்படக் கூடாது.

அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், உங்களுக்கும் தெரியாதுல்ல" என்றான். இப்போது தெரியும். உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.